மனநல மாத்திரைகள்: வார்டில் நர்ஸ் கவனித்ததை வீட்டில் யார் கவனிப்பது?

ஓசூரில் பஸ் ஏறினால் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, டெய்ரி சர்க்கிள் எல்லாம் தாண்டி அதே ஓசூர் சாலையில் வருகிறது நிம்ஹான்ஸ். தேசிய மனநலம் மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனம் என்பது முழுப் பெயர். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துக் குடும்பங்களுக்கு சென்னையைவிட இதுதான் பக்கம். சிகிச்சை முடிந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது அவர்கள் கையில் பொதுவாக மூன்று விஷயங்கள் இருக்கும்: மாத்திரைக் கவர், ஆங்கிலத்தில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி, அடுத்து வரவேண்டிய தேதி.

கவரில் வராத ஒன்று இருக்கிறது. வார்டில் இருந்தவரை இரவு பகலாக ஒருவர் மாற்றி ஒருவர் நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை அன்றைக்கே வீட்டுக்கு மாறிவிடுகிறது. அம்மாவோ மனைவியோ அண்ணனோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். என்ன பார்க்க வேண்டும் என்று பல வீடுகளில் யாருக்கும் தெளிவாகத் தெரியாது.

மனநல மருந்துகள் ஆபத்தானவை என்று பயமுறுத்த இதை எழுதவில்லை. லட்சக்கணக்கானவர்கள் இவற்றால்தான் வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் இவற்றில் சில மருந்துகளின் பாதுகாப்பு, கண்காணிப்பைச் சேர்த்தே கணக்கிடப்பட்டது. கண்காணிப்பை எடுத்துவிட்டால் அதே மாத்திரை வேறு மாத்திரை ஆகிவிடுகிறது. இதைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், டோஸைக் குறைக்கவும் வேண்டாம்.

வார்டில் நர்ஸ் என்னதான் பார்க்கிறார்?

வெளியிலிருந்து பார்த்தால் "மாத்திரை குடுக்கறாங்க" என்றுதான் தோன்றும். மாத்திரை கொடுப்பது அதில் சின்னப் பகுதி. சரியான ஆளா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான நேரமா என்று பார்த்த பிறகு, விழுங்கினாரா என்றும் பார்க்க வேண்டும். தண்ணீர் குடிக்கச் சொல்லி, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியிலும் கன்னத்து ஓரத்திலும் பார்ப்பது வழக்கம். இது சந்தேகப் புத்தி இல்லை. மாத்திரையை ஒதுக்கிவைத்துத் துப்பிவிட்டால், "இந்த டோஸ் வேலை செய்யவில்லை" என்று நினைத்து டாக்டர் டோஸை ஏற்றிவிடலாம். சேர்த்து வைத்தால் ஒரு கெட்ட நாளில் மொத்தமாக விழுங்கிவிடும் ஆபத்து உண்டு.

அதோடு பிரஷர். படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்றபின் ஒரு தடவை. பல மருந்துகள் எழும்போது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். வயதானவர்கள் இரவில் பாத்ரூம் போகும்போது விழுவதற்கு இது ஒரு காரணம். எடை, தூக்கம், சாப்பாடு, மலம் போனது, நடை, கை நடுக்கம், நாக்கு அசைவு, பேச்சின் வேகம் எல்லாம் குறிப்பேட்டில் ஏறும்.

கடும் கொந்தளிப்பில் வருபவருக்கு ஊசி போட்டால் கண்காணிப்பு இன்னும் நெருக்கமாகும். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்த இரண்டு ஆய்வுகள், 2004-லும் 2007-லும் வெளியானவை, உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகின்றன. ஹாலோபெரிடால் ஊசியோடு புரோமெதசின் சேர்த்துப் போடுவதை, 2004 ஆய்வு லோரசெபாமோடும் 2007 ஆய்வு ஓலான்சபினோடும் ஒப்பிட்டது. இரண்டாவதில், ஓலான்சபின் போட்டவர்களில் நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி மருந்து தேவைப்பட்டவர்கள் ஏறக்குறைய இரு மடங்கு. எந்த ஊசியானாலும், போட்ட பிறகு மூச்சு, நாடி, பிரஷர், உடல் சூடு, விழிப்பு ஆகியவற்றை அடிக்கடி பார்ப்பது நர்ஸின் வேலை. ஆள் தூங்கிவிட்டார், நிம்மதி என்று நகர்ந்துவிட முடியாது.

லித்தியம்: உப்பும் தண்ணீரும் தீர்மானிக்கும் மருந்து

1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பயனை எழுதினார். இருதுருவ மனநோய்க்கு இன்றும் முதல் வரிசை மருந்து. தற்கொலை ஆபத்தைக் குறைப்பதிலும் இதற்கு நல்ல பெயர் உண்டு. சிக்கல் என்னவென்றால், வேலை செய்யும் அளவும் விஷமாகும் அளவும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருப்பதுதான் பொதுவான இலக்கு. 1.5-ஐத் தாண்டினால் நச்சு அறிகுறிகள் தொடங்கலாம். 2-க்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து. வயதானவர்களுக்கு இதற்குக் கீழேயே தொந்தரவு வரலாம். லேப் ரிப்போர்ட்டில் மில்லி ஈக்விவலன்ட் என்று அச்சாகியிருந்தால் குழம்ப வேண்டாம், லித்தியத்துக்கு இரண்டும் ஒரே எண்தான்.

டோஸ் மாறாமலேயே அளவு எப்படி ஏறும்? சிறுநீரகம் லித்தியத்தைக் கிட்டத்தட்ட உப்பைப் போலவே நடத்துகிறது. உடம்பில் உப்போ தண்ணீரோ குறைந்தால், சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கப் பார்க்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துவிடும். ஆகவே வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், அக்னி நட்சத்திர வெயிலில் கட்டட வேலை எல்லாமே லித்தியம் ஏறும் நேரங்கள். "பிரஷர் இருக்கு, உப்பைக் குறைங்க" என்று வேறொரு டாக்டர் சொல்லி, வீட்டில் ஒரே நாளில் உப்பில்லாச் சமையலுக்கு மாறினாலும் அப்படித்தான்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை இன்னொரு வழி. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் லித்தியம் வெளியேறுவதைத் தடுக்கும். மூட்டு வலிக்கு நாலு நாள் போட்டாலே பிரச்சினை வரலாம். பாரசிட்டமால் இந்தக் கணக்கில் பாதுகாப்பானது. தையசைட் வகை நீர் மாத்திரைகள், எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகளும் அளவை ஏற்றும். எனவே சர்க்கரைக்கோ பிரஷருக்கோ வேறு டாக்டரிடம் போகும்போது "லித்தியம் எடுக்கிறார்" என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லாமல் நாற்காலியை விட்டு எழ வேண்டாம்.

அறிகுறி எப்படி இருக்கும்? கை விரலில் லேசான நடுக்கம் லித்தியம் எடுக்கும் பலருக்கும் உண்டு, அது வேறு. டம்ளரைப் பிடிக்க முடியாத அளவு உதறல், நாக்குக் குழறல், தள்ளாட்டம், வாந்தி பேதி, மந்தம், குழப்பம் என்று வந்தால் அது எச்சரிக்கை. பார்ப்பதற்குக் குடித்துவிட்டு வந்தவர் மாதிரி இருப்பார். ஏற்கெனவே குடிப்பழக்கம் உள்ளவர் என்றால் குடும்பம் அப்படியே நினைத்துப் படுக்க வைத்துவிடும். அங்கேதான் நேரம் போகிறது. அடுத்த டோஸைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய் ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்கச் சொல்ல வேண்டும்.

ரத்தம் எடுப்பதில் ஒரு நுணுக்கம். கடைசி டோஸ் போட்டு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். இரவு எட்டரைக்கு மாத்திரை என்றால் காலை எட்டரைக்கு ரத்தம். காலையிலும் மாத்திரை உண்டென்றால் ரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும். முன்னாடியே போட்டுவிட்டுப் போனால் எண் பொய்யாகக் கூடும், தேவையில்லாமல் டோஸ் குறையும். சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் பரிசோதனைகள் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை. டாக்டர் எழுத மறந்தாலும் நீங்கள் கேட்கலாம்.

குளோசபின்: சாதாரணக் காய்ச்சல் சாதாரணமல்ல

வேறு மருந்துகள் பலன் தராத மனச்சிதைவு நோய்க்கு குளோசபின்தான் கைகொடுக்கும். ஆனால் 1975-ல் ஃபின்லாந்தில் இந்த மருந்தை எடுத்த சிலருக்கு வெள்ளை அணுக்கள் அடியோடு விழுந்து, 8 பேர் இறந்தார்கள். பல நாடுகளில் மருந்து ஓரங்கட்டப்பட்டது. பின்னர் 1980-களின் இறுதியில் கட்டாய ரத்தப் பரிசோதனையோடு திரும்ப வந்தது. இன்று பரவலாக உள்ள ஓர் அட்டவணை: முதல் 18 வாரம் வாரா வாரம், பிறகு ஒரு வருடம் ஆகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதன் பின் மாதம் ஒரு முறை. மருத்துவமனைக்கு மருத்துவமனை சற்று மாறும். உங்களுக்கு எழுதிக்கொடுத்ததைப் பின்பற்றுங்கள். அமெரிக்காவில் இதற்கென இருந்த கட்டாயப் பதிவேட்டு முறை 2025-ல் நீக்கப்பட்டது உண்மை. "இனிமே டெஸ்ட் வேணாமாம்" என்று அதற்கு அர்த்தமில்லை. பரிசோதனை செய்ய வேண்டும் என்ற அறிவுரை அங்கேயும் நீடிக்கிறது.

வெள்ளை அணு குறைந்தால் முதலில் தெரிவது காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண். அதாவது, எந்த வீட்டிலும் வரக்கூடிய தொந்தரவு. குளோசபின் எடுப்பவருக்கு வந்தால் கசாயமும் பாரசிட்டமாலும் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். இதற்கு நிம்ஹான்ஸ் வரைக்கும் போக வேண்டியதில்லை, உள்ளூர் லேப் போதும். எண்ணை உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள். முதல் சில வாரங்களில் நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சு வாங்குதல் வந்தாலும் உடனே போக வேண்டும், இதயத் தசை அழற்சி அரிதாக வரும்.

யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று மலச்சிக்கல். குளோசபின் குடலின் அசைவையே மெதுவாக்கும். இதைக் கவனிக்காமல் விட்டு, குடல் அடைத்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் இதற்கான எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. "இன்னைக்கு வெளியே போனியா?" என்று வளர்ந்த மகனிடம் கேட்பது சங்கடம்தான். வார்டில் சிஸ்டர் தினமும் கேட்டார் என்பதை நினைவில் வையுங்கள்.

பீடி, சிகரெட் சமாசாரம் இன்னும் விசித்திரம். புகை, கல்லீரலில் குளோசபின் கரைவதை வேகமாக்கும். வெளியே நாளுக்கு ஒரு கட்டு பீடி குடித்தவர் வார்டில் நிறுத்தினால் மருந்தளவு ஏறும்; வீட்டுக்கு வந்து மறுபடி பிடித்தால் இறங்கும். வார்டில் சரியாக இருந்தவர் வீட்டில் ஏன் மோசமானார் என்பதற்கு இதுவும் ஒரு பதிலாக இருக்கலாம். புகையை நிறுத்துவது நல்லதுதான், டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் குளோசபின் விட்டுப்போனால் பழைய டோஸில் தொடரவே கூடாது. குறைந்த அளவிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும், அதை டாக்டர்தான் செய்ய வேண்டும். ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்துவிட்டுப் போகும் குடும்பங்கள் இந்த ஒரு வரியையாவது குறித்துக்கொள்ளலாம்.

நோயா, மருந்தா?

வீட்டில் அதிகம் குழப்புவது இந்தக் கேள்விதான். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் தொடங்கிய முதல் சில நாட்களில் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளலாம், கண் மேலே செருகிக்கொள்ளலாம். இளைஞர்களுக்கு அதிகம் வரும். பார்த்தால் பேய் பிடித்த மாதிரி இருக்கும், மந்திரிக்கக் கூட்டிப்போனவர்களும் உண்டு. மாற்று ஊசி போட்டால் பெரும்பாலும் நிமிடங்களில் சரியாகிவிடும்.

இன்னொன்று உட்கார முடியாத தவிப்பு. "ஒரு இடத்துல இருக்க முடியல, உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது" என்று சொல்லி நடந்துகொண்டே இருப்பார். நோய் முற்றிவிட்டது என்று குடும்பம் டாக்டரிடம் சொன்னால் டோஸ் ஏறலாம், தவிப்பும் ஏறும். இந்தத் தவிப்பு தாங்க முடியாமல் உயிரை விட நினைப்பவர்கள் உண்டு என்பதால் இதை லேசாக எடுக்கக் கூடாது. நர்ஸ்கள் இதைப் பிரிக்கக் கற்றிருக்கிறார்கள்: கோபமோ பயமோ இல்லாமல், காலில்தான் ஓய்வில்லையா? எப்போது தொடங்கியது, மருந்து மாறிய பிறகா? நீங்களும் இதே கேள்விகளைக் கேட்டு, தேதியோடு டாக்டரிடம் சொல்லலாம்.

உண்மையான அவசரம் இது: கடும் காய்ச்சல், உடம்பு முழுக்க மரக்கட்டை போன்ற விறைப்பு, வியர்வை, குழப்பம். நியூரோலெப்டிக் மேலிக்னன்ட் சிண்ட்ரோம் என்று பெயர். அரிது, ஆனால் கொல்லும். மருந்தை நிறுத்திவிட்டு, தீவிர சிகிச்சை வசதியுள்ள பொது மருத்துவமனைக்கு 108-ல் கொண்டுபோக வேண்டும். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

மெதுவாக வரும் கேடுகள் தனி. ஓலான்சபினால் பசி கூடும், மாதக்கணக்கில் எடை ஏறும், சர்க்கரை வரும். வீட்டில் ஒரு டேப் இருந்தால் போதும்: இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் இந்திய உடல்வாகுக்கு அது எச்சரிக்கை. மருந்து தொடங்கும் முன்பும், மூன்றாம் மாதமும், பிறகு வருடம் ஒரு முறையாவதும் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை தேவை. ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு எடுக்கும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம், மார்பில் பால் சுரக்கலாம். ஆண்களுக்குத் தாம்பத்தியச் சிக்கல் வரலாம். இதையெல்லாம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஓ.பி.யில் யார் சொல்வார்கள்? சொல்லாமலேயே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். தனியாக ஐந்து நிமிடம் சிஸ்டரிடம் பேச வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

வால்ப்ரோயேட் எடுக்கும் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு ஆரம்பித்தாலே டாக்டரிடம் போக வேண்டும். கர்ப்பத்தில் இந்த மருந்து இருந்தால் சுமார் 10-ல் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை வரலாம். கார்பமசெபின் தொடங்கிய வாரங்களில் தோலில் தடிப்பு, வாய்ப்புண் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். தூக்க மாத்திரைகளை மாதக்கணக்கில் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

சாப்பாட்டில் கலந்து கொடுப்பது

நம் ஊரில் பரவலாக நடப்பது இது, குடும்பங்களின் கையறு நிலையும் புரிகிறது. ஆனால் தான் மருந்து எடுக்கிறோம் என்றே தெரியாதவர், தொண்டை வலியையோ கை உதறலையோ மருந்தோடு சேர்த்து யாரிடமும் சொல்ல மாட்டார். சாதத்தைப் பாதியில் வைத்தால் எவ்வளவு உள்ளே போனது என்று உங்களுக்கும் தெரியாது. லித்தியம், குளோசபின் போன்ற மருந்துகளில் இது சூதாட்டம். மறைக்கும் நிலை வந்துவிட்டது என்றால் அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை போடும் நீண்டகால ஊசி போன்ற வழிகள் இருக்கின்றன.

தமிழில் கேட்பது உங்கள் உரிமை

2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 22-ஆம் பிரிவின்படி, நோயின் தன்மை, சிகிச்சைத் திட்டம், மருந்தின் தெரிந்த பக்கவிளைவுகள் ஆகியவற்றை அறியும் உரிமை நோயாளிக்கும் அவரது நியமனப் பிரதிநிதிக்கும் உண்டு. கேட்பவருக்குப் புரியும் மொழியில், புரியும் வடிவில் சொல்ல வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பெங்களூரில் கன்னடமோ ஆங்கிலமோ தெரியாமல் தலையாட்டிவிட்டு வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதைவிடப் பயனுள்ள பிரிவு இல்லை என்பது என் கருத்து. வார்டிலேயே தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவர் இருக்க நல்ல வாய்ப்புண்டு. கேளுங்கள்.

கட்டிப்போடுவது பற்றியும் சட்டம் தெளிவாக இருக்கிறது. சங்கிலியால் கட்டுவது எந்த வடிவிலும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் சங்கிலியோடு தீயில் கருகிய 28 பேரை நினைத்தால், அந்த வரி ஏன் எழுதப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரம் வரை கட்டுப்படுத்தலாம். தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காகவோ கூடாது. நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

ஆள் பற்றாக்குறை என்பது சும்மா சொல்லும் சாக்கு இல்லைதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2017 தொகுப்பின்படி இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு மனநல மருத்துவர்கள் 0.3, மனநல நர்ஸ்கள் 0.8. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, 12 மாநிலங்களில் 10.6 சதவீதப் பெரியவர்களுக்கு அப்போது ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்ததாகக் கணக்கிட்டது. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே எட்டவில்லை. எண்களோடு வேலை செய்பவளாக எனக்கு உறுத்துவது, இந்த 'சிகிச்சை இடைவெளி' எதை எண்ணவில்லை என்பது. மருந்து கிடைத்தவர் இடைவெளியைத் தாண்டியவர் ஆகிறார். அந்த மருந்துக்குரிய ரத்தப் பரிசோதனை நடந்ததா என்பது அந்த எண்ணுக்குள் வருவதில்லை.

டிஸ்சார்ஜுக்கு முன்னால் சிஸ்டரிடம் ஒரு நோட்டை நீட்டி, ஒவ்வொரு மாத்திரைக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதித் தரச் சொல்லுங்கள்: எதைப் பார்க்க வேண்டும், எந்த டெஸ்ட் எப்போது, எது வந்தால் அன்றைக்கே ஓடிவர வேண்டும். டோஸ் விட்டுப்போனால் என்ன செய்வது என்பதையும் கேளுங்கள். மாத்திரைகளை ஒரு மாதத்துக்கு மொத்தமாக நோயாளி கையில் கொடுக்க வேண்டாம், பூட்டி வைத்து அன்றன்றைக்கு எடுத்துக் கொடுங்கள். இரவில் சந்தேகம் வந்தால் 14416-ஐ அழைக்கலாம். 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, இலவசம், தமிழிலும் பேசலாம். அழைக்கும்போது அந்த நோட்டையும், கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேதி எப்படியும் கேட்பார்கள்.